இடுப்பு வலி: ஒரு சொல்லும் மூன்று நோய்களும்



நம் வீட்டுப் பெரியவர்கள் நாள்தோறும் சொல்கிற சொற்களைப் பட்டியலிட்டால், 'இடுப்பு வலிக்குது', 'கால் இழுக்குது' என்பவை முதல் பத்துக்குள் வந்துவிடும். கேட்கிற நாமும் 'வயசான காலத்து வலி' என்று சொல்லிவிட்டுக் கோடாலித் தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பண்டமாரானில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்த வலி குடும்ப உறுப்பினர்போல் பல்லாண்டுகள் தங்கியிருக்கிறது.

தமிழாசிரியன் ஒருவன் மருத்துவத்தைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மருந்து சொல்வது என் பணியன்று; அதை இங்கே செய்யப்போவதுமில்லை. ஆனால், இந்த வலியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதில் பாதி சொற்களின் வரலாறாக இருப்பதைக் கண்டேன். ஒரே பெயரால் அழைக்கப்பட்ட மூன்று வெவ்வேறு நோய்களைப் பிரித்தறிய மாந்த இனத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாயின. அந்தப் பிரிப்பு நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் காலைக் காப்பாற்றக்கூடியது. ஆகவே எழுதுகிறேன்.

கிள்ளானுக்கு முதுமை வந்த கதை

முதுமையில் வலி வரவேண்டுமானால் முதலில் முதுமை வரவேண்டும். நம் வட்டாரத்தில் அது தானாக வரவில்லை.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. திறந்த இரண்டே மாதங்களில் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வாரிச் சுருட்டியது. புதுத் துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து (1897) அப்போது நான்காண்டுகளே ஆகியிருந்தன. அந்த அறிவை நம்பி வாட்சன் காட்டை வெட்டவும் சதுப்பை வடிக்கவும் கால்வாய் தோண்டவும் அரசை இணங்க வைத்தார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் 1901-இல் பதிவான இறப்புகள் 582. மறு ஆண்டில் அது 144-ஆகக் குறைந்தது. பேரரசின் குடியேற்றங்களில் கொசு ஒழிப்பு பெற்ற முதல் பெருவெற்றிகளுள் ஒன்று என்று இதை உலக மருத்துவ வரலாறு குறித்துவைத்திருக்கிறது. அது நடந்த மண்ணில்தான் நாம் வாழ்கிறோம் என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

தோட்டப்புறங்களில் நிலைமை இவ்வளவு விரைவில் மாறவில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலர் இளமையிலேயே காய்ச்சலுக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் பலியாயினர். உயிர் பிழைத்து உடல் தளர்ந்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பியனுப்புவதும் அக்கால வழக்கம். ஆக, முதல் இரண்டு தலைமுறைகளின் முதுமையை இந்த மண் அதிகம் பார்த்ததில்லை. போருக்குப் பின்னரும் விடுதலைக்குப் பின்னருமே, பேரப்பிள்ளைகளை இங்கேயே பார்த்து, இங்கேயே மூத்து, இங்கேயே மறையும் வாழ்வு நம்மவருக்குப் பொதுவாயிற்று. இன்று மலேசியரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 75 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானத்தைப் பெருமளவில் கண்ட முதல் தமிழ்த் தலைமுறை, இந்நாட்டைப் பொறுத்தவரை, நம் தாத்தா பாட்டிகளின் தலைமுறைதான்.

உழைத்த உடம்பும் வீட்டு மருத்துவமும்

அந்த உடம்புகள் செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பால்மரங்களுக்கு முன் குனிந்து நிமிர்ந்து வெட்டியவர்கள். காண்டா வாளியின் இரு முனைகளிலும் பாலைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர்வரை நடந்தவர்கள். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்கள் வருவதற்கு முந்திய காலத்தில் மூட்டைகளை முதுகில் ஏற்றியவர்கள். பின்னாளில் செம்பனைக் குலைகளைத் தூக்கியவர்கள். பல்லாண்டுகள் பெரும்பாரம் தூக்குவோருக்கு இடுப்பு மூட்டும் முதுகெலும்பும் விரைந்து தேய வாய்ப்புண்டு என்று பிற்கால ஆய்வுகள் பல காட்டின. நம்மவர்களுக்கு ஆய்வு தேவைப்படவில்லை, உடம்பே சொல்லிற்று.

வலிக்கு அவர்களிடம் இருந்த மருந்துகள் மூன்று வழியாக வந்தவை. ஒன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த கைமருத்துவம்: நொச்சியிலை ஒத்தடம், வாதநாராயணன் இலை, முடக்கறுத்தான் கீரை. முடக்கை அறுப்பது என்னும் நம்பிக்கையைப் பெயரிலேயே வைத்திருக்கிற கீரை அது. இரண்டு, தோட்ட மருத்துவமனையின் டிரெசர் கொடுக்கும் மாத்திரையும் கலவை மருந்தும். மூன்று, பக்கத்து வீட்டு மலாய்க்காரர் சொன்ன எண்ணெய்த் தேய்ப்பும் கடைத்தெருச் சீன வைத்தியர் போடும் பற்றும். மூவினமும் கலந்து வாழ்ந்த இடத்தில் வலிக்கு மட்டும் இனவேறுபாடு இருக்கவில்லை!

இவற்றால் ஓரளவு ஆறுதல் கிடைத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால், இம்மூன்று வழிகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லா வலிக்கும் ஒரே பெயர். ஆகவே எல்லா வலிக்கும் ஒரே மருந்து.

'இடுப்பு' என்பது எது?

இங்கேதான் தமிழாசிரியனுக்கு வேலை வருகிறது.

நாம் 'இடுப்பு' என்று சொல்லும்போது உடம்பின் எந்த இடத்தைச் சொல்கிறோம்? சேலை கட்டுமிடமும் இடுப்பு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுமிடமும் இடுப்பு. குனிந்தால் பிடித்துக்கொள்ளும் முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. தொடையெலும்பு உடலோடு பொருந்தும் மூட்டும் இடுப்பு. மலாய் மொழியில் முதுகின் கீழ்ப்புறத்துக்குப் 'பிங்காங்' என்றும் அதற்குக் கீழே உள்ள பகுதிக்குப் 'பிங்குல்' என்றும் இரு சொற்கள் உண்டு. நம் பாட்டி 'இடுப்பு' என்று சொன்னதைப் பேத்தி 'பிங்காங்' என்று பெயர்த்தால், மருத்துவர் முதுகைப் பார்ப்பார். மூட்டைப் பார்க்கமாட்டார்.

தமிழ் வறிய மொழி என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தொடைக்குக் குறங்கு என்னும் பழஞ்சொல் உண்டு. கெண்டை மீன்போல் திரண்ட பின்காலைக் கெண்டைக்கால் என்று அழகாகப் பெயரிட்டவர்கள் நாம். கவட்டி, புட்டம், கணுக்கால், குதிகால் என ஒவ்வோரிடத்துக்கும் சொல் இருக்கிறது. அவற்றை மருத்துவர் முன் சொல்லக் கூச்சப்பட்டு, எல்லாவற்றையும் 'இடுப்பு' என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறோம். கவட்டியில் வலிக்கிறது என்று சொல்ல எத்தனை பாட்டிமார்களுக்கு மனம் வரும்?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. 'சையாட்டிக்கா' என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் நரம்பு வலியின் பெயர், இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐரோப்பியரும் இடுப்பிலிருந்து கால்வரை எங்கே வலித்தாலும் அந்த ஒரே பெயரால்தான் அழைத்தனர். ஆயுர்வேதம் 'கிருத்ரசி' என்றது. வலியால் கழுகுபோல் சாய்ந்து நடப்பவரின் நடையைக் கண்டு வைத்த பெயர் அது. நம் சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பது வகையாக விரித்தது. வகைப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோருக்கு இருந்தது என்பதற்கு இதுவே சான்று. உடலைத் திறந்து பார்த்து, வகைக்குக் காரணம் காட்டும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

முதல் நோய்: நரம்பு

முதல் பிரிவினையைச் செய்தவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர் தொமேனிக்கோ கொத்துஞ்ஞோ. 1764-இல் வெளியிட்ட நூலில், இடுப்பு மூட்டிலிருந்து எழும் வலி வேறு, நரம்பின் வழியே காலுக்கு இறங்கும் வலி வேறு என்று அவர் எழுதினார். இன்று பள்ளிப்பிள்ளைக்கும் எளிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு அன்று பெரும் புதுமை.

நரம்பு ஏன் வலிக்கிறது? அதற்கு விடை கிடைக்க மேலும் 170 ஆண்டுகளாயின. 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்று காட்டினர். 1954-இல் நெதர்லாந்தின் வெர்பீஸ்ட், முதுகுத்தண்டின் குழாயே குறுகி நரம்புகளை நெருக்கும் நிலையை விளக்கினார். முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவது இந்த இரண்டாவது வகை. கொஞ்ச தூரம் நடந்தால் இரு கால்களும் கனக்கும், மரக்கும். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ தணியும். பேரங்காடியில் தள்ளுவண்டியின்மேல் சாய்ந்துகொண்டு எளிதாக நடக்கும் பாட்டி, கைவீசி நடக்கச் சொன்னால் பத்தடியில் நின்றுவிடுவார். அவர் சோம்பேறியல்லர். குனியும்போது குழாய் சற்று விரிகிறது; அவ்வளவுதான்.

இரண்டாம் நோய்: இரத்தக்குழாய்

இந்த நோயை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு குதிரை. 1831-இல் பிரான்சு நாட்டுக் கால்நடை மருத்துவர் பூலே, சற்று ஓடியதும் நொண்டி, நின்றதும் சரியாகிவிடும் ஒரு குதிரையைக் கண்டார். அதன் பின்னங்கால்களுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அடைபட்டிருந்தன. 1858-இல் ஷார்க்கோ இதே நிலையை மனிதரிடம் விளக்கினார். நடந்தால் கெண்டைக்கால் இறுகும். நின்றால் போதும், சில நிமிடங்களில் விட்டுவிடும். நரம்பு நெருக்கத்துக்கு உட்காரவேண்டும் அல்லது குனியவேண்டும். இதற்கு வெறுமனே நின்றாலே போதும். இவ்வளவு சிறிய வேறுபாட்டில் இரு நோய்கள் பிரிந்து நிற்கின்றன.

அடைப்பு முற்றினால் கால் அழுகும். வெட்டியெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலைதான் நெடுங்காலம் இருந்தது. 1964 சனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 82 வயது மூதாட்டி ஒருவர், கால்விரல்கள் கறுத்துப்போன நிலையில், காலை எடுக்க மறுத்துவிட்டார். சார்ல்ஸ் டாட்டர் என்னும் கதிரியக்க மருத்துவர், மெல்லிய குழல்களை இரத்தக்குழாய்க்குள் செலுத்தி அடைப்பை விரித்தார். உலகில் இத்தகைய மருத்துவம் பெற்ற முதல் நோயாளி அவரே. கால் பிழைத்தது. அதற்குப் பின் வாழ்ந்த இரண்டரை ஆண்டுகளும் அவர் தம் சொந்தக் கால்களிலேயே நடந்தார். இன்று இதயக் குழாய் அடைப்புக்குப் பலூன் வைத்து விரிக்கிறார்களே, அந்த மருத்துவத்தின் தாய் ஒரு கிழவியின் கால் வலிதான்!

இந்த இரண்டாம் நோய் நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடமே அது மிகுதி. நீரிழிவும் புகைப்பழக்கமும் கால் இரத்தக்குழாயின் பெரும்பகைவர்கள். இனிப்பு நீர் உள்ள ஒருவர் 'நடந்தா கால் இறுகுது' என்று சொன்னால், அதை வயதின்மேல் பழிபோட்டு ஒதுக்குவது காலை விலைபேசுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாம் நோய்: மூட்டு

தொடையெலும்பின் உச்சியில் ஒரு பந்து. கூபக எலும்பில் அதற்கேற்ற ஒரு கிண்ணம். இரண்டுக்கும் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு. பூச்சுத் தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். அந்த வலி பெரும்பாலும் கவட்டியிலும் தொடையின் முன்புறத்திலும் தோன்றும்; சிலருக்கு முழங்காலில் மட்டும் தோன்றி ஏமாற்றும். ஆசியரிடம் முழங்கால் தேய்மானமே மிகுதி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் ஐரோப்பியரைவிடக் குறைவு. அதனாலேயே இங்கே அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

1895-ஆம் ஆண்டை இந்நோயின் விடிவாண்டு எனலாம். அவ்வாண்டில் செருமானிய அறுவை மருத்துவர் டிரெண்டெலன்பர்க், நோயாளியை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, மறுபக்க இடுப்பு தாழ்கிறதா என்று பார்க்கும் எளிய ஆய்வை விளக்கினார். அதே ஆண்டு நவம்பரில் ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். தோலைக் கிழிக்காமலேயே மூட்டைப் பார்க்கும் காலம் பிறந்தது.

பார்த்தாயிற்று; சரிசெய்வது எப்படி? பெர்லினில் தெமிஸ்டொக்ளிஸ் குளுக் 1890-இலும் 1891-இலும் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். காசநோய் அரித்த மூட்டுகளில் அவை நிலைக்கவில்லை. 1938-இல் பாஸ்டனின் சுமித்-பீட்டர்சன் உலோகக் கலவையால் கிண்ணம் செய்தார். 1946-இல் பாரிசின் ஜூடே சகோதரர்கள் அக்கிரிலிக் நெகிழியால் பந்து செய்தனர். அத்தகைய பந்து பொருத்தப்பட்ட ஒருவரின் மூட்டு, அசையும்போதெல்லாம் கீச்சிட்டதாம். அவ்வொலி தாங்காமல் அவர் மனைவி அறையைவிட்டே வெளியேறிவிடுவாராம். இதைக் கேட்ட ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி சிரித்துவிட்டு மறந்துவிடவில்லை. கீச்சிடுகிறது என்றால் உராய்கிறது. உராய்வைக் குறைத்தால் மூட்டு நிலைக்கும் என்று அவர் சிந்தனை ஓடியது.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் சார்ன்லி சிறிய எஃகுப் பந்தையும் டெஃப்லான் கிண்ணத்தையும் இணைத்தார். பல் மருத்துவர்கள் பயன்படுத்திய அக்கிரிலிக் பசையால் அவற்றை எலும்பில் நிலைநிறுத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தனர். ஆனால், இரண்டு மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் எலும்பையே அரித்தன. ஏறத்தாழ 300 பேர்! அவர்களை மீண்டும் அறுத்து, தாம் பொருத்தியதைத் தாமே அகற்றும் பெருந்துன்பம் அவருக்கு நேர்ந்தது. டெஃப்லானை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்றறிய அதைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார்.

விடை ஒரு விற்பனையாளர் வழியாக வந்தது. 1962-இல் பாலிஎத்திலீன் என்னும் நெகிழித் துண்டை அவர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய பட்டறை உதவியாளர் ஹேரி கிரேவன் அதைத் தேய்மானப் பொறியில் வைத்து ஓட்டிப் பார்த்தார். வாரக்கணக்கில் ஓடியும் அது தேயவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அந்தக் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்றத்தின் அடித்தளம் அதுவே. 'தி லான்செட்' என்னும் மருத்துவ இதழ் 2007-இல் இதனை நூற்றாண்டின் அறுவை மருத்துவம் என்று போற்றியது. அந்தப் புகழில் பட்டறையில் நின்ற கிரேவனுக்கும் பங்குண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து நாட்டிலும் ஓர் அரிய முயற்சி நடந்தது. பர்மாவின் மண்டலேயில் சான் பா என்னும் எலும்பு மருத்துவர், 1960-இல், தொடையெலும்பு முறிந்து கூடாத 83 வயதுப் பௌத்தத் துறவியம்மையார் ஒருவருக்கு யானைத் தந்தத்தால் பந்து செய்து பொருத்தினார். உலோக மூட்டுக்குப் பணமில்லாத நாட்டில் தந்தம் கிடைத்தது. தந்தத்தைச் செதுக்கும் கைவினைஞர்களும் இருந்தனர். இருபதாண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு அவர் இதைச் செய்தார். 1969-இல் இலண்டனில் அம்முறையை விளக்கியபோது, தம் நோயாளிகள் குந்தி அமர்வதையும் மிதிவண்டி ஓட்டுவதையும் எடுத்துக்காட்டினார். குந்தி அமர்வது! நாற்காலியிலேயே வாழ்ந்த மேலைநாட்டாருக்கு அது பெரிய செய்தியாக இருந்திராது. தரையில் அமர்ந்து உண்டு, குந்தி எழுந்து வாழ்ந்த நமக்கல்லவா அதன் அருமை தெரியும்!

வல்லுநர் அறையில்

என் பெரியம்மா பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு பண்டமாரானில் மின்தூக்கி இல்லாத அடுக்ககம் ஒன்றின் மூன்றாம் மாடியில் குடியேறியவர். பல ஆண்டுகளாக 'இடுப்பு வலி' என்றே சொல்லிவந்தார். எலும்பு வல்லுநரைப் பார்க்கக் கிளினிக்கில் கொடுத்த கடிதம் தலையணை உறைக்குள் ஓராண்டு உறங்கியது.

"தம்பி, எழுபது வயசுல வலிக்காம என்ன செய்யும்? கட்டையில போற வரைக்கும் இது கூடத்தான் வரும்" என்பார்.

ஒருவழியாக அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். வல்லுநர் ஒரு மலாய் இளைஞர். "மாக்சிக், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள்" என்றார். பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். அவர் விரல் கவட்டியில் போய் நின்றது. முதுகில் அன்று.

அதன்பின் நடந்த ஒவ்வொன்றும் மேலே சொன்ன வரலாற்றின் ஒரு பக்கம். படுக்கவைத்துக் காலை நேராக உயர்த்தினார்: நரம்பு இழுக்கிறதா? பாதத்தின் மேல்புறத்தில் விரல் வைத்து நாடி பார்த்தார்: இரத்தம் வருகிறதா? ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்: டிரெண்டெலன்பர்க்கின் ஆய்வு. முழங்காலை மடக்கி இடுப்பு மூட்டை உட்புறமாகத் திருப்பியபோது பெரியம்மா "ஐயோ" என்றார். எக்ஸ்ரே படத்தில் வலப்பக்கப் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. கொத்துஞ்ஞோ 1764-இல் போட்ட கோட்டுக்கு மறுபுறத்தில் என் பெரியம்மா நின்றிருந்தார். அத்தனை ஆண்டுகளும் தைலம் முதுகுக்கே போய்க்கொண்டிருந்தது.

அறுவைக்கு உடனே அவர் உடன்படவில்லை. ஊன்றுகோல், உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மாத்திரை என்று சில மாதங்கள் போயின. செயற்கை மூட்டின் விலை ஒரு தடையாக நின்றது. மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவு வழிகாட்டியது. எனினும், அவர் கேட்ட பெரிய கேள்வி பணத்தைப் பற்றியதன்று. "அதுக்கப்புறம் கோயில்ல தரையில உக்காந்து சாமி கும்பிட முடியுமா?" என்பதே. மூட்டு நழுவிவிடக்கூடும் என்பதால் தாழக் குந்துவதையும் சம்மணமிடுவதையும் தவிர்க்கும்படி வல்லுநர் ஒளிக்காமல் சொன்னார். பெரியம்மா நெடுநேரம் எண்ணிப் பார்த்து, "நாற்காலியில உக்காந்தாலும் சாமி பாக்கும்ல?" என்று கேட்டுவிட்டுக் கையொப்பமிட்டார். இப்போது கைத்தடியுடன் மாடிப்படி இறங்குகிறார், வெள்ளிக்கிழமை தவறுவதில்லை.

நாம் செய்ய வேண்டுபவை

வாசிக்கும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள்கள் சில:

1. வல்லுநரைப் பார்க்குமுன் வீட்டிலேயே பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடம்? எவ்வளவு தூரம் நடந்தால்? நின்றால் விடுகிறதா, உட்கார்ந்தால் விடுகிறதா? இரவில் எழுப்புகிறதா? செருப்பு மாட்டவும் கால்நகம் வெட்டவும் முடிகிறதா?

2. உடன் செல்பவர் சொல்லைச் சரியாகப் பெயர்க்க வேண்டும். ஐயமிருந்தால் விரலால் காட்டச் செய்யுங்கள். பெரியம்மாக்களுடன் பெண்பிள்ளை ஒருவர் சென்றால் கூச்சம் குறையும்.

3. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். மூட்டு வலிக்கென்று 'இயற்கை மருந்து' என்ற பெயரில் விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. உடனே வலி பறக்கும். ஆனால் நெடுநாள் உட்கொண்டால் இடுப்புப் பந்தெலும்பே இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். வலிநிவாரணிகளை மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு.

4. சிலவற்றுக்குக் கடிதமும் முன்பதிவும் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. விழுந்தபின் எழுந்து நிற்க முடியாமை, சிறுநீர் மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் திடீரெனச் சில்லிட்டு வெளுத்தல், வலியோடு காய்ச்சல். இவற்றுள் எது தோன்றினாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

5. பணத்தை எண்ணித் தயங்க வேண்டா. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வல்லுநர் பிரிவிலும் ஐந்து வெள்ளிதான். காத்திருக்க நேரும், உண்மை. காத்திருப்பு நீளும் என்பதாலேயே முன்கூட்டிச் செல்ல வேண்டும்.

எல்லா வலியும் அறுவையில் முடிவதில்லை. வல்லுநரைப் பார்ப்பவர்களுள் பலருக்குப் பயிற்சியும் மருந்துமே போதுமானவையாக இருக்கும். ஆனால், தம் வலியின் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளும் உரிமை, இந்நாட்டின் மரங்களுக்கும் மூட்டைகளுக்கும் முன்னே ஐம்பதாண்டுகள் குனிந்து நின்ற ஒவ்வொருவருக்கும் உண்டு. இந்த வாரயிறுதியில் உங்கள் வீட்டுத் தலையணை உறைகளைச் சற்றுத் தடவிப் பாருங்கள். எந்தக் கடிதமாவது உறங்கிக்கொண்டிருக்கலாம்.